லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் மொழியையே மாற்றுவதா?

இறுதியாண்டு புராஜெக்ட் காலத்தில் காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு போக்கை அடிக்கடி காண முடிகிறது. சீனியர் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு புராஜெக்டைத் திறக்கிறார்கள். பட்டுச் சேலை விற்கும் செயலியோ, கோயில் வழிகாட்டியோ, எதுவாகவும் இருக்கலாம். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இன்ன லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) கிடைக்கவில்லை என்கிறது, செயலியைக் கட்டும் கருவியான கிரேடில். கொஞ்சம் தடுமாறிவிட்டு, "இதெல்லாம் பழசு, ஃபிளட்டருக்குப் போய்விடலாம்" என்று டார்ட் மொழிக் கருவித்தொகுப்பு ஒன்றுக்கு மாறத் தீர்மானிக்கிறார்கள். வீட்டிலும் அதற்கு ஆதரவு கிடைக்கிறது. தறியில் உட்கார்ந்து பிள்ளையைக் கணினி படிக்க வைத்த பெற்றோருக்கு, பக்கத்துத் தெருப் பையன் எதைப் படித்து வேலைக்குப் போனானோ அதுதான் பத்திரமான வழி. பயிற்சி வகுப்புக்குப் பணமும் கட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. தேர்வுதான் தவறு.

முதலில் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவையே: இணைய இணைப்பைப் பார்ப்பது, ஆஃப்லைன் மோடை அணைப்பது, மறுபடி ஒரு சிங்க், கேச்சைத் துடைப்பது. அதில் தீராவிட்டால் மூன்று வழிகள் உண்டு. லைப்ரரி இருக்கும் களஞ்சியத்தின் முகவரியைச் சேர்க்கலாம், பதிப்பு எண்ணைத் திருத்தலாம், கைவிடப்பட்ட லைப்ரரியை எடுத்துவிட்டு இன்னும் பராமரிக்கப்படும் ஒன்றை வைக்கலாம். எந்த வழி என்பதைப் பெரும்பாலும் பிழைச் செய்தியே சொல்லிவிடும். எந்தெந்த முகவரிகளில் தேடினோம் என்று கிரேடில் வரிசையாக எழுதுகிறது. பலர் அந்த இடம்வரை படிப்பதே இல்லை. அதில் ஜேசென்டர் என்ற பெயர் இருந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி. ஜேஃபிராக் நிறுவனம் அந்தக் களஞ்சியத்தை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அதன் முகவரி மேவன் சென்ட்ரல் என்ற களஞ்சியத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ஜேசென்டரில் மட்டும் இருந்தவை பழைய முகவரியில் கிடைக்காமல் போயின. சார்ட் வரையப் பலரும் எடுக்கும் எம்பிஆண்ட்ராய்டுசார்ட் ஜிட்பேக் என்ற வேறொரு களஞ்சியத்தில் இருக்கிறது. அந்த முகவரியைச் சேர்த்தால் வந்துவிடும். ஆனால் பழைய வீடியோக்கள் சொல்வதுபோல் பில்ட்.கிரேடிலில் எழுதினால் இப்போதைய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் புது புராஜெக்டுகள் ஏற்பதில்லை, செட்டிங்ஸ்.கிரேடிலில் எழுத வேண்டும். பழைய சப்போர்ட் லைப்ரரிகள் 2018இல் 28ஆம் பதிப்போடு நின்று ஆண்ட்ராய்டுஎக்ஸ் ஆகிவிட்டன. மாற்றித் தரும் வசதி ஸ்டூடியோவுக்குள்ளேயே உண்டு. லைப்ரரியின் ஜார் கோப்பை எங்கிருந்தோ இறக்கி லிப்ஸ் கோப்புறையில் போடுவது கடைசிக் கட்டத்துக்கானது. அந்த லைப்ரரி நம்பியிருக்கும் மற்ற லைப்ரரிகள் அதனுடன் சேர்ந்து வராது. சாட்பாட் சொல்லும் லைப்ரரிப் பெயரையும் மேவன் சென்ட்ரல் போன்ற களஞ்சியங்களில் தேடிப் பார்த்த பிறகே எழுதுங்கள். இல்லாத பெயரையும் அது தயங்காமல் தரும்.

இனி, அளவுக்கு மீறிப் புகழப்படும் அந்த வழி. ஃபிளட்டருக்குப் போனால் இந்தத் தொல்லை ஒழியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. ஃபிளட்டர் புராஜெக்டுக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு கோப்புறையைத் திறந்து பாருங்கள்: அதே கிரேடில் கோப்புகள்தான். போனில் ஓடும் செயலி கடைசியில் அவற்றின் வழியாகத்தான் உருவாகிறது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றுக்கான பிளக்இன்கள் ஆண்ட்ராய்டின் மொழிகளான ஜாவாவிலும் கோட்லினிலும் எழுதிய பகுதிகளைச் சுமந்துகொண்டு வருகின்றன. ஜேசென்டரை நம்பியிருந்த பழைய பிளக்இன்களுக்கும் அதே கதிதான். அதற்கு மேல் ஃபிளட்டருக்கே உரிய சிக்கல்களும் சேர்கின்றன. 2023 மே மாதம் டார்ட் 3 வந்தபோது, நல் சேஃப்டி என்ற பாதுகாப்பு விதிக்கு மாறாத பழைய பேக்கேஜ்களை அது ஏற்க மறுத்தது. ரியாக்ட் நேட்டிவ் பக்கம் போனாலும் நிலைமை அதுவே. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் ரியாக்ட் நேட்டிவ் நம்பியிருக்கும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் நம்பியிருந்த எத்தனையோ புராஜெக்டுகளின் பில்ட் உலகெங்கும் நின்றது. ஒரு காலத்தில் புகழோடு இருந்த, செயலி உருவாக்கும் கருவியான ஸாமரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்தவர் எழுதிய நிரலை அடுத்தவர் களஞ்சியத்திலிருந்து எடுக்கும்வரை, எந்த மொழியானாலும் லைப்ரரி ஒருநாள் காணாமல் போகத்தான் செய்யும்.

ஒரே நிரலில் ஆண்ட்ராய்டும் ஐபோனும் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, புதிதாகத் தொடங்கும் செயலிக்கு அது நல்ல காரணமும்கூட. பாதியில் நிற்கும் புராஜெக்டைக் கைவிட அது காரணமாகாது. கம்பெனிகள் ஃபிளட்டர் கேட்கின்றன என்பார்கள். கேட்கின்றன, வேலையில் சேர்ந்ததும் அவர்கள் கையில் தருவது பெரும்பாலும் வேறொருவர் எழுதி வைத்துப்போன பழைய நிரலைத்தான். நேரம் இல்லை என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது: நாலு முகவரிகளைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் புதிய மொழியில் ஒரு லாகின் திரைகூட முடியாது. முதல் செயலியைக் கோட்லினில் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பிழைச் செய்திக்கும் மாணவருக்கும் நடுவில் அடுக்குகள் குறைவு. குறைவாக இருந்தால்தான் காரணம் கண்ணில் படும்.

இந்தத் துறைக்குத் தேவையான திறமை புதுப் பெயர்களை முந்தித் தெரிந்துகொள்வதில் இல்லை. பிடிபடாத செய்தியை நிதானமாக இரண்டாம் முறை படிக்கும் மனம் வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிணைத்துவிட்டு நெய்கிறார். அந்த நிதானம் இந்த ஊரில் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் பழக அவகாசம் மட்டும் தர வேண்டும். ஆகவே, பெற்றோர்களே, வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒரு வாரம் பொறுங்கள். காணாமல் போன ஒவ்வொரு லைப்ரரிக்கும் பெயர், பதிப்பு, இப்போது எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளையை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதை முடித்த பிறகும் ஃபிளட்டர்தான் பிடிக்கிறது என்றால் தாராளமாகச் சேரட்டும்; ஃபிளட்டரில் லைப்ரரிகளைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் கோப்பில் முதல் பிழை வரும் நாளில் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.