கணிப்பொறி மாறலாம், கணக்கு நம் கையில் இருக்கட்டும்

1906ஆம் ஆண்டு நம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறிய ரயில் பாதை போடப்பட்டது. 1913ல் அது ஓசூர் வரை நீண்டது. ஆனால் மொரப்பூர் வழியாகச் செல்லும் சென்னைப் பாதை அகலப் பாதை. சிறிய பாதையின் வண்டி அதில் ஓடாது. ஆகவே தருமபுரிப் பக்கத்துச் சரக்கை இங்கே இறக்கி, வேறு வண்டியில் ஏற்றித்தான் மேலே அனுப்ப வேண்டும். 1941ல், உலகப் போர்க்காலத்தில், அந்தச் சிறிய பாதை மூடப்பட்டது.

கணிப்பொறியில் ஒரு இயங்குதளத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதும் இதே வேலைதான். வண்டியை மாற்றுவது சுலபம். சரக்கை இறக்கி ஏற்றுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இங்கே சரக்கு என்பது நம் கணக்கு.

எங்கள் கடையில் நடந்தது

எங்கள் மளிகைக் கடைக்குக் கணிப்பொறி வாங்கியபோது, விற்றவரே விலையில்லாமல் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். அது நகல் எடுத்த இயங்குதளம் என்பது பிறகுதான் தெரிந்தது. விலையில்லாமல் வருகிறதே என்று கேள்வி கேட்காமல் வாங்கியது எங்கள் தவறு. நகல் என்பதால் பாதுகாப்புத் திருத்தங்களைச் சரியாகப் போட முடியவில்லை. யாராவது பென் டிரைவ் செருகினால் வைரஸ் வரும். மாதம் ஒருமுறை ஆளைக் கூப்பிடுவோம், அவர் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார். இப்படியே பல வருடங்கள் ஓட்டினோம்.

ஒரு தீபாவளிக்கு முதல் வாரம் கணிப்பொறி திறக்கவே இல்லை. கடன் பேரேடு முழுவதும் அதற்குள் இருந்தது. நகல் எடுத்து வைத்ததோ பல மாதங்களுக்கு முன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர் கையை விரித்துவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது வாடிக்கையாளர் வீட்டில் இருந்த பாக்கி நோட்டு. சுற்றுக் கிராமத்து மக்கள் அதை எடுத்து வந்து, "இதுதான் எங்கள் பாக்கி, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதைப் பார்த்துப் பேரேட்டை மறுபடி எழுதினோம். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தை யாரும் திறந்து படிக்கலாம்; பல ஆயிரம் ரூபாய் பெட்டியைத் திறக்க முடியவில்லை. அன்றுதான் மாறுவது என்று முடிவு செய்தோம்.

மாறியவர்கள் யார்?

1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், யாரும் உரிமத் தொகை இல்லாமல் சட்டப்படி பயன்படுத்தக்கூடிய இயங்குதளம். நம் மாநில அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த 2006–07 வாக்கில், தன் அலுவலகக் கணிப்பொறிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. 8.4.2014ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது.

மாறியவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பல ஆண்டுகள் அதில் ஓடி, 2017ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. ஆகவே "எல்லோரும் உடனே மாறுங்கள்" என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கேள்வி இப்போது பல கடைகளின் வாசலுக்கு வந்துவிட்டது. 14.10.2025 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. புதிய பெட்டி வாங்குவதா, இருக்கும் பெட்டியில் வேறு இயங்குதளம் போடுவதா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும்.

மாறுமுன் செய்ய வேண்டியவை

1. கடையில் கணிப்பொறி செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: பில், இருப்பு, கடன் பேரேடு, ஜி.எஸ்.டி., ரசீது அச்சு, மின்னணுத் தராசு. ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில்லும் இணைய உலாவியில் நடப்பதால் பெரும்பாலும் தடையில்லை. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் ஆடிட்டர் டேலி கேட்டால், அதற்கென ஒரு பெட்டியை உரிமம் பெற்ற விண்டோஸில் வைத்திருப்பதே நல்லது. நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். கையெழுத்துக்கு டி.எஸ்.சி. டோக்கன் பயன்படுத்துவோர் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

2. கணக்கை வெளியே எடுங்கள். சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல் ஆகியவற்றை எந்த மென்பொருளும் திறக்கும் அட்டவணைக் கோப்பாகவும், பி.டி.எஃப். ஆகவும் எடுத்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். திறக்க முடியாத கோப்பு காப்பாற்றிய கணக்காகாது.

3. தமிழ் எழுத்தைக் கவனியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த "துவரம் பருப்பு", அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மாற்றுமுன் எல்லாப் பெயர்களையும் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்த வேலைதான்.

4. பழைய பெட்டியைத் தொடாமல் சோதியுங்கள். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ரசீது அச்சு வருகிறதா, தராசு பேசுகிறதா என்று முதலில் பாருங்கள்.

5. இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். நாங்கள் மூன்று மாதம் இரண்டு பெட்டியிலும் பில் போட்டோம். கடைப் பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மாலையில் இரண்டு கூட்டலும் ஒத்துப்போன பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

6. ஏப்ரல் 1ல் புதுக்கணக்கு போடுங்கள். இருப்பையும் பாக்கியையும் மட்டும் எடுத்து எழுதுவது நம் முன்னோர் பேரேடு மாற்றிய முறை. கணிப்பொறிக்கும் அதுவே பொருந்தும். தீபாவளி, பொங்கல் நேரத்தில் மாற்ற வேண்டாம்.

இயங்குதளம் மாற்றியதால் எங்கள் வியாபாரம் கூடிவிடவில்லை. ஆளைக் கூப்பிடும் செலவு குறைந்தது, அவ்வளவுதான். மாற்றிய பிறகும் ஒரு பழக்கத்தை விடவில்லை. தினமும் கல்லா எண்ணி முடித்ததும் கணக்கின் நகலை ஒரு தனி டிஸ்கில் எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். வாடிக்கையாளர் நோட்டிலும் பாக்கியைப் பேனாவால் எழுதித் தருகிறோம்.

எந்த இயங்குதளம் வைத்திருந்தாலும், இன்றிரவு கடை சாத்துமுன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலை இந்தப் பெட்டி திறக்காவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்று நமக்குத் தெரியுமா? தெரியாது என்றால், நகல் எடுக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். வேறு பெட்டி, வேறு தளம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.