ஜுர மாத்திரையும் ஈரலின் காவல்காரனும்

"தலைவலி விடவே இல்லை, இன்னொண்ணு போட்டுக்கறேன்!" உங்கள் வீட்டிலும் இந்தக் குரல் கேட்டிருக்கும். காலையில் ஜுரத்துக்கு ஒரு மாத்திரை, மதியம் ஜலதோஷத்துக்கு வேறொன்று, ராத்திரி உடம்பு வலிக்கு இன்னொன்று. பெயர்தான் வேறு வேறு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கக்கூடும்.

அளவோடு சாப்பிட்டால் இது நல்ல மருந்துதான். பெரும் பகுதியை ஈரல் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் ஈரலிலேயே விஷப் பொருளாக மாறுகிறது. அப்படியானால் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அங்கேதான் 'குளூட்டாதயோன்' என்ற காவல்காரன் நிற்கிறான். விஷம் உண்டானதுமே அதைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறான்.

குளூட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து உண்டாவது. அதில் ஒன்று சிஸ்டீன். விஷத்தைப் பிடிப்பது சிஸ்டீனில் உள்ள கந்தகம்தான். முட்டை, மீன், பால், பருப்பு போன்ற புரத உணவுகளிலிருந்து இது கிடைக்கிறது. மெத்தியோனைன் என்ற இன்னொரு கந்தக அமினோ அமிலத்திலிருந்தும் உடம்பு இதைத் தயாரித்துக்கொள்ளும்.

மாத்திரை அளவு மீறினால் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகும். பிறகு விஷம் ஈரல் செல்களையே தாக்கும். 1973-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளிடம் இதை நிரூபித்தார்கள். பட்டினி கிடப்பவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்குக் கையிருப்பே குறைவு.

மாற்று மருந்து உண்டு: அசிடைல் சிஸ்டீன். உடம்புக்குள் சிஸ்டீனாக மாறி, குளூட்டாதயோனை மீண்டும் நிரப்புகிறது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். சிக்கல் என்னவென்றால், முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும். அதுகூட இல்லாமலும் இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டிலேயே காத்திருந்தால், மஞ்சள் காமாலை தெரியும்போது ஈரல் கெட்டிருக்கும்.

நினைவில் வையுங்கள்:

* பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், ஈரல் நோயாளிகளுக்கு அதைவிடக் குறைவு, டாக்டரைக் கேளுங்கள்.

* குழந்தைக்கு எடையைப் பொறுத்துத்தான் அளவு. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் அல்ல. சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

* அளவு மீறியது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஈரலைக் காப்பாற்றுவது அந்தத் தகவல்தான்.