வண்ணமா? கறுப்பு வெள்ளையா?

கேமரா கையில் கிடைத்த புதிதில் நம்மில் பலருக்கு ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. வண்ணத்தில் எடுத்தால் அது சாதாரணப் படம், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அது கலைப் படம் என்பதே அந்த மயக்கம். நானும் அதற்கு விலக்கல்லன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த 2007இல் நான் எடுத்த படங்களில் முக்கால்வாசி கறுப்பு வெள்ளைதான். அந்த மயக்கத்தைத் தெளிய வைத்தவர் என் பாட்டி. அவர் கற்றுக்கொடுத்த பாடத்தையும், அதன்பின் நான் தேடித் தெரிந்துகொண்ட சில செய்திகளையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தோட்டத்து வீட்டில் இரண்டு படங்கள்

அந்த ஆண்டு தீபாவளி விடுமுறைக்குப் பேராக் மாநிலத்தில் பாட்டி வாழ்ந்த தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். நண்பனிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா தோளில் தொங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர் பாட்டி. லயன் வீடு, தகரக் கூரை, அடுக்களைப் புகை, சுருக்கம் விழுந்த முகம். கறுப்பு வெள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன். கேமராவைக் கறுப்பு வெள்ளை முறைக்கு மாற்றிவிட்டு நாள் முழுவதும் எடுத்துத் தள்ளினேன்.

ஒரு மாதம் கழித்துப் படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சன்னலோரம் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்ததும் பாட்டியின் முகம் மலர்ந்தது. “இது நல்லா இருக்குடா தம்பி. என் கை அப்படியே எங்க ஆத்தா கை மாதிரி இருக்கு” என்றார். அடுத்தது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்ற படம். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “என் சேலை எங்கடா?”

சேலை படத்தில் இருந்தது. ஆனால், அவர் தேடிய சேலை அதில் இல்லை. தாத்தா தோட்டத்துப் போனஸ் பணத்தில் ஈப்போவில் வாங்கி வந்த ஒரே பட்டு அது. அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. என் படத்திலோ உடலும் கரையும் ஒரே சாம்பலாக இருந்தன. “நாங்க என்ன கறுப்பு வெள்ளையிலயாடா வாழ்ந்தோம்?” என்று பாட்டி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அடுத்த தீபாவளிக்குக் கலர்ல எடுத்துத் தரேன் பாட்டி” என்றேன். அடுத்த தீபாவளிக்குப் பாட்டி இல்லை.

ஏன் ஒரே சாம்பல் ஆனது?

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது என்றால் வண்ணத்தைத் துடைத்தெடுப்பது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில், ஒவ்வொரு வண்ணமும் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக மாற வேண்டும் என்று முடிவு செய்வதே அந்தச் செயல். நாம் முடிவு செய்யாவிட்டால் கேமரா முடிவு செய்துவிடும்.

சாதாரண டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் 0 முதல் 255 வரையிலான எண்களாகப் பதிவாகின்றன. நம் கண் பச்சையை மிக வெளிச்சமாகவும் நீலத்தை மிக மங்கலாகவும் உணர்கிறது. ஆகவே, பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கு, சிவப்பில் 29.9 விழுக்காடு, பச்சையில் 58.7 விழுக்காடு, நீலத்தில் 11.4 விழுக்காடு எடுத்துக் கூட்டிச் சாம்பலின் அளவைத் தருகிறது.

பாட்டியின் சேலையைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரக்குச் சிவப்பின் எண்கள் 180, 20, 30 எனவும், கரும்பச்சையின் எண்கள் 20, 100, 40 எனவும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டுக்குமே விடை 69! கண்ணுக்கு எதிரும் புதிருமாகத் தெரியும் இரு வண்ணங்கள் ஒரே சாம்பலாகிவிடுகின்றன.

இதற்கு மாற்று உண்டு. ஃபிலிம் காலத்தில் லென்சின் முன் வண்ண வடிகட்டியைப் பொருத்துவார்கள். சிவப்பு வடிகட்டி நீல வானத்தைக் கருமையாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும்; பச்சை வடிகட்டி இலைகளுக்கு வெளிச்சம் கூட்டும். இன்று அதே வேலையைக் கணினியில் செய்யலாம். மேற்சொன்ன சேலையில் சிவப்பின் எண்ணை மட்டும் எடுத்தால் உடல் 180, கரை 20. கரை பளிச்செனப் பிரிந்துவிடும். நம்மவர்களின் மாநிறத் தோலுக்கும் இது பொருந்தும். சிவப்பையும் ஆரஞ்சையும் சற்று உயர்த்தினால் முகம் ஒளிபெறும். நீலத்தை உயர்த்தி மற்றவற்றைக் குறைத்தால் முகம் இருண்டு, தழும்பும் புள்ளியும் முன்னால் வந்து நிற்கும்.

ஆனால், இவை யாவும் வண்ணம் பதிவாகியிருந்தால்தான் முடியும். நான் கேமராவிலேயே கறுப்பு வெள்ளை முறையில், ஜேபெக் கோப்பாக எடுத்திருந்தேன். அதில் வண்ணம் அறவே இல்லை. எந்த மென்பொருளாலும் அந்தக் கரையை மீட்க இயலாது.

தேவையும் தேர்வும்

பாட்டியின் கேள்விக்குள் ஒரு வரலாறும் உண்டு. வண்ணப் படத்திற்கான முயற்சி மிகப் பழையது. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் மூன்று வடிகட்டிகளின் உதவியால் ஒரு நாடாவின் வண்ணப் படத்தைத் திரையில் காட்டினார். 1907இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1935இல் கோடக்குரோம் வந்தது. ஆயினும் வண்ணத்திற்குச் செலவு அதிகம். நம் தாத்தா பாட்டியரின் திருமணப் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதற்குக் காரணம் அவர்களின் கலை விருப்பம் அன்று, வேறு வழியில்லாமைதான். அதை நாம் பழமையின் அழகாகக் கருதி, இன்று வாழ்பவர்களுக்கும் போர்த்திவிடுகிறோம்.

இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான் தேர்வு என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் (1942–1999) இந்தியாவை வண்ணத்தில் காண்பதே இயல்பு என்று வாதிட்டவர். மறுபுறம், சிங்கப்பூரின் இப் சியோங் ஃபன் (1903–1989) கறுப்பு வெள்ளையில் எடுத்த கடற்காட்சிகளால் புகழ்பெற்றார். 1984இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கத்தையும் பெற்றார். விடியற்காலைக் கடலில் ஒளியும் படகின் வடிவமும் இருந்தால் போதும், படம் நிறைவு பெற்றுவிடும். இருவருமே தம் முன்னால் இருந்தது எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார்கள்.

கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது, வண்ணம் இப்படத்தில் ஏதேனும் செய்தி சொல்கிறதா? பத்துமலையை நினைத்துக்கொள்ளுங்கள். 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் பொன்னிறம், தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்தி வருவோரின் மஞ்சள் உடை, காவடியின் மயிலிறகு ஆகியவற்றில் வண்ணமே பொருள். அங்குள்ள 272 படிகளுக்கும் 2018 ஆகஸ்டில் பல வண்ணம் பூசப்பட்டது. அதற்குப் பிறகு எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால், பார்ப்பவருக்கு அம்மாற்றமே தெரியாமல் போகும். வண்ணத்தை நீக்கியபின் படம் எதையாவது சொல்ல மறந்துவிட்டால், நீக்கியது தவறு.

இரண்டாவது, ஒளியும் வடிவமும் முகபாவமும் தாமாகவே நிற்கின்றனவா? அதே பத்துமலைக் குகைக்குள், மேலிருக்கும் திறப்பின் வழியே வெயில் இறங்கும் இடத்தில் ஒரு முதியவர் கைகூப்பி நிற்கிறார் என வைத்துக்கொள்வோம். அங்கே ஒளிதான் கதை. பாட்டி பூண்டு உரித்த படமும் இத்தகையதே. பக்கவாட்டிலிருந்து வந்த சன்னல் ஒளி விரல்களின் ஒவ்வொரு வரியையும் காட்டியது. அதில் வண்ணத்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது, வண்ணம் இடையூறு செய்கிறதா? கோவில் மண்டபத்தில் ஒருபுறம் குழல்விளக்கின் பச்சை சாயல், மறுபுறம் குண்டு விளக்கின் மஞ்சள், பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. முகத்தைப் பார்க்க வேண்டிய கண் வாளியைப் பார்க்கிறது. இங்கே கறுப்பு வெள்ளை உதவும். ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தி எடுத்ததால் தோன்றும் வண்ணப் புள்ளிகளும் அவ்வளவாக உறுத்தா. ஆனால், குறி தவறிய, நடுங்கிய படத்தைக் கறுப்பு வெள்ளை காப்பாற்றாது. நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன்.

நான்காவது கேள்வியைத்தான் முக்கியமானதாகக் கருதுகிறேன். படத்தில் இருப்பவரைப் பற்றி நான் என்ன சொல்ல வருகிறேன்? பாட்டியின் லயன் வீட்டுச் சுவர் இளநீலம். வாசலில் செம்பருத்தி. கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் 2007ஐ 1957 போலக் காட்டிவிட்டேன். அவர் பார்த்துப் பார்த்து உருவாக்கிய வீட்டை வறுமையின் அடையாளமாக்கிவிட்டேன். அந்த எண்ணம் எனக்கு இல்லைதான். ஆனால் படம் அப்படித்தான் பேசியது.

செய்முறைக் குறிப்புகள்

கேமராவில் ரா கோப்பும் ஜேபெக் கோப்பும் சேர்ந்து பதிவாகும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கறுப்பு வெள்ளை முறையில் வைத்தால், திரையில் சாம்பலாகத் தெரியும். ஜேபெக்கும் சாம்பலாக இருக்கும். ரா கோப்பில் மட்டும் வண்ணம் அப்படியே தங்கியிருக்கும். ஒளியைக் கவனித்துப் பழக இது நல்ல வழி. கைப்பேசியில் எடுப்போர் வண்ணத்தில் எடுத்து, நகலெடுத்து, நகலை மட்டும் மாற்றுங்கள். மூலத்தின்மேல் எதையும் சேமிக்க வேண்டாம்.

பிறகு, இரண்டு வடிவங்களையும் ஒருவாரம் கிடப்பில் போட்டுவிட்டு மீண்டும் பாருங்கள். இயன்றால், படத்தில் இருப்பவரிடமே காட்டிக் கேளுங்கள். என்னைப் போல ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் தவறில்லை. கையில் வண்ண மூலம் இருந்தால் போதும்.

நிறைவாக

பூண்டு உரிக்கும் பாட்டியின் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வாசலில் நின்ற படத்தை மாட்டவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்தச் சேலை அம்மாவிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதை வெயிலில் விரித்து வண்ணத்தில் எடுத்தேன். அரக்குச் சிவப்பும் பச்சைக் கரையும் தெளிவாக விழுந்தன. நல்ல படம்தான். ஆனால், பாட்டி கேட்டது அதையல்ல.

நண்பர்களே, கறுப்பு வெள்ளை உயர்ந்தது என்றோ வண்ணம் உயர்ந்தது என்றோ சொல்ல நான் இக்கட்டுரையை எழுதவில்லை. தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுங்கள். என்ன சேலை, யார் வாங்கித் தந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்ணம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குரிய விடை பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடும்.