இலவச வைஃபையும் இக்காலக் கைநாட்டும்

மண்சரிவினால் வீட்டையும் பாத்தியையும் விட்டு வந்த குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசி இன்று ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் தாக்கியபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியோரில் பலர் உடுத்த உடையோடும் கையிலிருந்த போனோடும் மட்டுமே வெளியேறினர். நிவாரணப் பட்டியலில் பெயர் உண்டா, வீட்டைப் பார்க்க அதிகாரி எப்போது வருவார், பிள்ளைக்குப் பாடசாலை எப்போது திறக்கும், கொழும்பில் வேலை செய்யும் மகன் நலமா, லீக்ஸும் கரட்டும் இன்று என்ன விலை என்ற செய்திகளில் பெரும்பகுதி போன் வழியாகவே வருகிறது. ஆனால் டேட்டா போடக் கையில் காசில்லை. அந்த நேரத்தில் திரையில் 'இலவச வைஃபை' என்று தெரிந்தால் யாருக்குத்தான் மனம் போகாது?

உடப்புசல்லாவைப் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு விதமான கருத்துக்களை நாம் கேட்கிறோம். "ஓசியில் கிடைப்பதைத் தொடவே கூடாது, பேங்க் காசெல்லாம் போய்விடும்" என்பது ஒன்று. "நம்மிடம் திருட என்ன இருக்கிறது, பயமில்லாமல் பாவிக்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. முதலாவது, உரிமையான ஒரு வசதியை எம்மிடமிருந்து பறிக்கிறது. இரண்டாவது, கடைசி நிவாரணப் பணத்தையும் பறிகொடுக்க வைக்கிறது. எங்கே ஆபத்து இல்லை, எங்கே இருக்கிறது என்று பிரித்து அறிவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. இது ஏழைகளுக்கும் உரிய வசதி

இலங்கையில் 2015 மார்ச் மாதம் அரசாங்கம் 26 பொது இடங்களில் இலவச வைஃபையைத் தொடங்கியது. புகையிரத நிலையங்கள், வைத்தியசாலைகள், நூலகங்கள் போன்ற இடங்கள் தெரிவு செய்யப்பட்டன. ஒருவருக்கு மாதம் 100 மெகாபைட் என்று அளவும் வைக்கப்பட்டது. அதே ஆண்டு, வானத்தில் பலூன்களை மிதக்கவிட்டு நாடு முழுவதும் இணையம் தரும் திட்டத்துக்கு கூகுள் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 2016 பெப்ரவரியில் அந்தப் பலூன்களில் ஒன்று கம்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வந்து விழுந்ததைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பலூன் விழுந்ததே தவிர, அதன் இணையம் எமது லயங்களுக்கு வந்து சேரவில்லை. 2021 இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

ஆனால் இலவச வைஃபை ஓர் எளிய மனிதரை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கேரளத்தில் எர்ணாகுளம் புகையிரத நிலையத்தில் மூட்டை தூக்கிய ஓர் இளைஞர், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களைக் கேட்டபடியே வேலை செய்தார். 2018 இல் மாநில அரசுப் பணிக்கான எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தார். புத்தகம் வாங்க வசதியில்லாதவருக்கு அந்த வைஃபையே நூலகமாக இருந்தது. ஆகவே பயந்து ஒதுங்குவது தீர்வு அல்ல.

2. அன்று தபாலட்டை, இன்று ஒட்டிய கடிதம்

வைஃபை என்பது வானொலி அலை. கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையில் ஒரு போன் அனுப்புவதை, பக்கத்திலுள்ள இன்னொரு கருவியும் பிடிக்க முடியும். முன்பு பல இணையத்தளங்கள் செய்திகளைத் தபாலட்டை போலத் திறந்தபடி அனுப்பின. வழியிலுள்ள எவரும் வாசிக்கலாம். 2010 இல் 'ஃபயர்ஷீப்' என்ற சிறிய மென்பொருள் வெளிவந்தது. ஒரே வைஃபையில் இருக்கும் மற்றவரின் முகநூல் கணக்குக்குள் நுழைவது எவ்வளவு சுலபம் என்பதை அது உலகுக்குக் காட்டியது. 'பொது வைஃபை ஆபத்து' என்ற பேச்சு பரவிய காலம் அதுதான்.

அதன் பின்னர் நிலைமை மாறியது. இன்று பெரும்பாலான தளங்களும் வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப்பும் செய்தியைப் பூட்டியே அனுப்புகின்றன. தபாலட்டை, ஒட்டிய கடிதமாகிவிட்டது. இணைய முகவரியின் தொடக்கத்தில் வரும் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்பதில் உள்ள கடைசி எஸ் எழுத்து இந்தப் பூட்டைக் குறிக்கும். பூட்டாத தளங்களுக்கு 'பாதுகாப்பற்றது' என்று குறியிடும் வழக்கத்தை கூகுளின் குரோம் உலாவி 2018 இல் தொடங்கியது. பொது வைஃபை இப்போது பெரும்பாலும் பாதுகாப்பானதே என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் 2023 இல் மக்களுக்கு அறிவுறுத்தியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிதம் வழியில் பிரிக்கப்படாது என்பதற்குத்தான் பூட்டு உத்தரவாதம். கடிதம் போய்ச் சேரும் ஆள் நல்லவர் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. போலி நிவாரணத் தளம் நடத்தும் மோசடிக்காரனும் தன் தளத்துக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். பூட்டு இருப்பதைப் பார்த்து மட்டும் நம்பிவிடக் கூடாது.

3. பெயர்ப் பலகை யாரும் மாட்டலாம்

வைஃபைக்கு எந்தப் பெயரையும் எவரும் வைக்கலாம். நிவாரண முகாமின் பெயரையோ வைத்தியசாலையின் பெயரையோ தன் போனிலுள்ள ஹொட்ஸ்பொட்டுக்குச் சூட்ட ஒரு நிமிடம் போதும்.

அவுஸ்திரேலியாவில் இப்படியே நடந்தது. 2024 ஏப்ரலில், விமானத்துக்குள் சந்தேகத்துக்குரிய ஒரு வைஃபை தென்படுவதை விமானநிறுவன ஊழியர்கள் கண்டு முறையிட்டனர். பொலிஸார் பேர்த் நகரில் ஒருவரைப் பிடித்தனர். அவர் ஒரு சிறு கருவியைக் கையில் கொண்டு போய், விமான நிலையங்களில் உண்மையான இலவச வைஃபையின் பெயரிலேயே பொய் வைஃபையை உருவாக்கியிருந்தார். இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறந்தது. 'தொடர்வதற்கு உங்கள் மின்னஞ்சல் அல்லது முகநூல் கடவுச்சொல்லைக் கொடுங்கள்' என்று அது கேட்டது. பலர் கொடுத்தார்கள். அவருக்கு 2025 இல் ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

இங்கே அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்பதைப் பாருங்கள். மக்கள் தாங்களாகவே சாவியைக் கையில் கொடுத்தார்கள். இதுவே இன்றைய ஆபத்து.

4. வாசிக்காமல் வைத்த கைநாட்டு

எமது முன்னோருக்கு இந்த ஏமாற்று புதிதல்ல. துண்டு முறை இருந்த காலத்தில், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியின் கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டது. எழுதியவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். எவ்வளவு எழுதப்பட்டது என்று சுமந்தவருக்கு வாசிக்கத் தெரியாது. 1921 இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வாசிக்கத் தெரியாத தாளில் பெருவிரலைப் பதிக்கும் பழக்கம் அதோடு முடிந்துவிடவில்லை.

இன்று போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஓ.டி.பி. இலக்கம்தான் எமது கைநாட்டு. 'இது நான்தான், எனக்குச் சம்மதம்' என்று அது சொல்கிறது. அதை இன்னொருவர் கையில் கொடுத்தால், எழுதாத தாளில் விரல் பதித்தது போலாகும்.

ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். வைஃபை கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் வந்து விழுகிறது. 'வெள்ள நிவாரணம் பெற இங்கே பதியவும்' என்கிறது. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், அட்டை இலக்கம் என்று வரிசையாகக் கேட்கிறது. பிறகு, 'உங்கள் போனுக்கு வந்த இலக்கத்தை இடவும்' என்கிறது. அந்தக் குறுஞ்செய்தியோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில், இவ்வளவு ரூபாயை இன்ன இடத்துக்குச் செலுத்துவதற்கான இலக்கம் இது, எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தத் தாய் எண்ணை மட்டும் பார்க்கிறார். சொற்களை வாசிக்க அவருக்கு வழியில்லை. பணம் போய்விடுகிறது. குற்றம் வைஃபையுடையது அல்ல. வீட்டில் சொந்த டேட்டாவில் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும்.

சில உண்மையான பொது வைஃபைகளும் பதிவுக்காகத் தொலைபேசி இலக்கம் கேட்டு ஓர் ஓ.டி.பி. அனுப்பும். அது வழக்கமானதே. ஆகவே, 'ஓ.டி.பி. என்றாலே ஆபத்து' என்று சொல்வதில் பயனில்லை. யார் அனுப்பினார், எதற்காக அனுப்பினார் என்று முழுச் செய்தியையும் வாசித்த பின்னரே இட வேண்டும். ஆங்கிலமோ சிங்களமோ புரியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம், ஓர் ஆசிரியரிடமோ படித்த பிள்ளையிடமோ காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அதுவரை காத்திருப்பதால் எந்த நிவாரணமும் ஓடிப்போகாது. 'பத்து நிமிடத்துக்குள் பதியாவிட்டால் பெயர் நீக்கப்படும்' என்று அவசரப்படுத்துபவரையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5. நாம் கைக்கொள்ள வேண்டியவை

அ) இணைவதற்கு முன் அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் வைஃபையின் சரியான பெயரைக் கேளுங்கள். ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் தெரிந்தால் இணையாதீர்கள்.

ஆ) செய்தி வாசிப்பது, விலை பார்ப்பது, பாடம் கேட்பது, உறவினருடன் பேசுவது ஆகியவற்றை இலவச வைஃபையில் தாராளமாகச் செய்யுங்கள்.

இ) வங்கி வேலை வந்தால் வைஃபையை அணைத்துவிட்டுச் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். ஒரு சிறு ரீலோட் போதும். அது முடியாவிட்டால் வங்கியின் சொந்தச் செயலியை மட்டும் பாவியுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பின் வழியாக வங்கிக்குள் போகாதீர்கள்.

ஈ) வைஃபை தருவதற்காக முகநூல், மின்னஞ்சல் அல்லது வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டால் உடனே விலகுங்கள். 'இந்தச் செயலியைப் போட்டால்தான் வைஃபை வேலை செய்யும்' என்றாலும் விலகுங்கள்.

உ) வேலை முடிந்ததும் அந்த வைஃபையைப் போனிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால், அதே பெயரில் பொய் வைஃபை ஒன்று வரும்போது போன் தானாகவே இணைந்துவிடக்கூடும்.

ஊ) வாட்ஸ்அப்பில் இரண்டு படிப் பாதுகாப்பு என்ற வசதி உண்டு. அதற்குரிய இரகசிய இலக்கத்தை இன்றே வைத்துவிடுங்கள்.

எ) இரவல் போனைப் பாவித்தால், திருப்பிக் கொடுக்குமுன் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள்.

ஏ) நிவாரணம் பற்றிய எந்த அறிவித்தலையும் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

6. தவறு நடந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட ஏமாறுகிறார்கள். முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் தடைசெய்யச் சொல்லுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வாட்ஸ்அப் கைமாறிவிட்டால், உங்கள் இலக்கத்தைக் கொண்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். மற்றவர் வெளியேற்றப்படுவார். உங்கள் பெயரில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று உறவினருக்குச் சொல்லிவிடுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவை சாட்சி. இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு செய்யலாம். பிறர் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

மண் சரிந்து போன குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒரு வங்கிப் புத்தகமும்தான். மீண்டும் ஒரு பாத்தி கட்ட இவையே முதல். இலவச வைஃபையைப் பயன்படுத்துவோம். ஆனால் வாசிக்காமல் கைநாட்டு வைக்கும் காலத்துக்குத் திரும்பிப் போகாதிருப்போம்.

குழுவில் கலந்துரையாடுவோம்

1. கடந்த மூன்று மாதங்களில் உங்கள் போனுக்கு வந்த நிவாரண அறிவித்தல்களில் எவை உண்மையானவை? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

2. உங்கள் லயத்திலோ முகாமிலோ ஆங்கில, சிங்களக் குறுஞ்செய்திகளை வாசித்துச் சொல்லக்கூடிய, நம்பிக்கைக்குரிய இருவர் யார்? அவர்களைக் குழுவாகத் தெரிவு செய்யுங்கள்.

3. போன் இல்லாத முதியவர்களின் வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும் இப்போது யார் கையில் இருக்கின்றன? அது சரியான ஏற்பாடா?