கிராமக் காரியாலயக் கட்டிடமும் மண், நீர்ச் சேமிப்பும்

கிராமப் பஞ்சாயத்துக்குப் புதிதாகக் காரியாலயம் கட்டத் தீர்மானமானவுடன், முகப்பு எப்படி, வர்ணம் என்ன, தலைவர் அறைக்குக் குளிரூட்டும் இயந்திரம் உண்டா என்ற பேச்சே முதலில் எழுவது வழக்கம். கட்டிடம் எத்திசையை நோக்கி நிற்கும், கூரை எதனால் ஆகும், செங்கல்லுக்கு மண் எங்கிருந்து வரும் என்று கேட்போர் அரியர். இவற்றை அஸ்திவாரத்திற்குக் கயிறு பிடிக்குமுன் முடிவு செய்யாவிடில், பின்னர் வரும் மின்சாரச் செலவையும் ஒழுக்கையும் கிராமத்தாரே பல்லாண்டு சுமக்க நேரிடும்.

திசையை மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை. காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்வாகச் சாய்ந்து வந்து சுவரில் அறைவன. ஆகையால் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க, கிழக்கு மேற்குச் சுவர்கள் குறுகியிருத்தல் உசிதம். மேற்கில் ஜன்னல் வைக்காமல், அப்பக்கத்தில் தஸ்தாவேஜு அறையையோ மாடிப்படியையோ அமைக்கலாம். தெற்கே அகன்ற தாழ்வாரம் இருந்தால், வரி செலுத்தவும் சான்று பெறவும் வருவோர் நிழலில் காத்திருக்க இடமாகும்.

உஷ்ணத்தில் பெரும்பங்கை ஏற்பது கூரையே. திருச்சிராப்பள்ளியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கின்றது. தகரக் கூரை மலிவாயினும், கோடையில் அடியில் உட்கார இயலாது. மழையிலோ கூட்டத்தில் வாசிக்கப்படும் தீர்மானம் பக்கத்திலிருப்பவர் காதிலும் விழாது! ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் தூசி நுரையீரலைக் கெடுப்பதால் அதை அறவே விலக்க வேண்டும். கான்கிரீட் தளமிட்டால், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டோடு பதித்து, ஒவ்வொரு மாசியிலும் வெள்ளையடித்து வருதல் நலம். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பும்.

குடியானவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது செங்கல்லே. சூளைக்குச் செல்லும் மண் பெரும்பாலும் விளைநிலத்தின் மேல்மண். பயிரின் உணவெல்லாம் தங்கியிருப்பது அதிலேதான். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு ஒன்பதங்குலச் சுவர் எழுப்பும் எலிப்பொறிக் கட்டு என்னும் முறையில் ஏறக்குறைய கால்பங்குச் செங்கல் மிச்சமாகும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் காலமான லாரி பேக்கர் என்னும் கட்டிடக் கலைஞர் இதனைக் கேரளத்தில் பரவச் செய்தார். 20,000 செங்கல் பிடிக்கும் சுவர்களில் 5,000 குறையுமாயின், 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உள்ள கல்லுக்கு, சுமார் 350 கன அடி மண் மிஞ்சும். அரையடி ஆழத்திற்கு வழித்தெடுத்தால் அது ஒன்றரை செண்டுக்கு மேற்பட்ட நிலத்தின் மேல்மண்ணாகும். சுவரினுள் அடைபட்ட காற்று உஷ்ணத்தையும் தடுக்கும். கொத்தனாருக்கு இம்முறை பழக்கமில்லையெனில், முதலில் சுற்றுச்சுவரில் பத்தடி கட்டச் செய்து பார்த்துவிடுவது நல்லது. அஸ்திவாரத்திற்கு இம்முறை ஏற்றதன்று.

தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்தில் கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் குழாயை மட்டும் பொருத்திவிட்டுக் குழியை மறந்த இடங்கள் பல. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் 2,300 லிட்டருக்கு மேல். முதல் மழையின் அழுக்கு நீரைக் கழித்து, அடுத்ததைத் தொட்டியில் சேர்த்தால் கழிப்பிடத்துக்கும் செடிகளுக்கும் உதவும். மிகுதியை ஜல்லியும் மணலும் இட்ட குழியில் விடலாம்.

இத்தனைக்கும் பிறகே இயந்திர சாதனங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும். சாதாரண மின்விசிறிக்கு 75 வாட் வேண்டியிருக்க, புதுவகை விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். மேற்கே சுவரிலிருந்து இருபதடி தள்ளி வேம்போ புங்கமோ நடலாம். அதன் நிழல் மின்தகட்டின்மேல் விழாதவாறு இடம் தேர்தல் அவசியம். உதிரும் இலைகள் கூரை நீர்த்தாரையை அடைக்குமாதலால், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியிலேயே அதனைத் துப்புரவு செய்யும் பொறுப்பைப் பஞ்சாயத்து ஊழியர் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைத்தல் வேண்டும்.