கற்றது யாது?

நன்னூற் பொதுப்பாயிரத்துள் பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகைப்படுத்து, அன்னத்தையும் ஆவையும் போல்வார் தலைமாணாக்கர், மண்ணையும் கிளியையும் போல்வார் இடைமாணாக்கர், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைப் போல்வார் கடைமாணாக்கர் எனக் கூறினார். ஆனர்ஸ் வகுப்பிற் புகுவோர் அனைவரும் இதனை மனப்பாடம் செய்கின்றனர். செய்த அன்றே விடுதியில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகின்றது. எமக்குக் கிடைத்த பெயரை ஈண்டு வெளியிடோம்.

13-ஆம் நூற்றாண்டின் அந்நூலில் விலங்கும் பறவையும் கருவியும் மாணாக்கர்க்கு உவமைகளாகவே நின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கமுதல் அவ்வுவமைகளே எழுந்து வந்து மாணாக்கர் இருக்கையில் அமரலாயின. குதிரைக்குக் கணக்குக் கற்பித்தனர். கிளிக்கு நிறமும் வடிவும் கற்பித்தனர். வெறுந் தீப்பெட்டிகளுக்கும் ஆட்டம் பயிற்றினர். இவை கற்றனவா என்னும் வினாவினும், கற்றது யாது என்னும் வினாவே எம் உள்ளத்தை வருத்துவது. அதற்கொரு காரணம் உண்டு, பின்னர்க் கூறுவாம்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்குப் பள்ளிச் சிறுவர்க்குக் கற்பிக்குமாறே ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு எண்ணுங் கணக்குங் கற்பித்தார். ஐந்தும் மூன்றும் எத்துணை என்று கேட்டால், குதிரை முன்னங்காலால் நிலத்தை எட்டு முறை தட்டி நிற்கும். விடை சரியாயின் தின்பதற்கு ஏதேனும் கிடைக்கும். வான் ஆஸ்டன் வஞ்சகர் அல்லர். காட்சிக்குக் கட்டணமும் பெற்றிலர். அவர் உடனில்லாதபோது அயலார் கேட்ட வினாக்களுக்கும் ஹான்ஸ் விடையிறுத்தது. 1904-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கார்ல் ஸ்டும்ப் என்னும் உளநூற் பேராசிரியர் தலைமையிற் கூடிய குழுவினர், இதனுள் சூதொன்றும் இல்லையெனச் சான்று பகர்ந்தனர்.

எனினும் ஸ்டும்பின் மாணாக்கராகிய ஆஸ்கர் புங்ஸ்ட் அவ்வளவில் அமைந்தாரல்லர். வினவுவோனும் விடை அறியாதவாறு அமைத்து வினாக்களைக் கேட்பித்தார். அந்தோ! கணித மேதை தடுமாறிற்று. கண்ணுக்குப் பக்கமறைப்புக் கட்டி வினவுவோனைக் காணவொட்டாது செய்தபோதும் அவ்வாறே. நுணுகி நோக்கிய புங்ஸ்ட் உண்மையைக் கண்டார். வினவுவோன் வினாவை முடித்ததும் குளம்பைக் காணும் பொருட்டுத் தலையைச் சற்றே தாழ்த்துகின்றான்; குதிரை தட்டத் தொடங்குகின்றது. உரிய எண் வந்தவுடன் அவன் தலை நூலளவு நிமிர்கின்றது, குதிரை நிறுத்திவிடுகின்றது. தான் நிமிர்ந்ததை அவன் அறியான். இம்மறையைக் கண்டறிந்த புங்ஸ்டும், அறிந்த பின்னரும் தம் தலையை அடக்கிக்கொள்ள இயலாது இடர்ப்பட்டார் என்பது வியப்பு. அவருடைய ஆராய்ச்சி 1907-இல் நூலாக வெளிவந்தது. வான் ஆஸ்டன் அதனை ஏற்றிலர்.

ஹான்ஸ் கல்லாத குதிரையா? அன்று. மனிதர் ஒருவரும் காணாத நுண்ணிய அசைவைக் கண்டு பயன்கொள்ளக் கற்றது. ஆசிரியர் கற்பித்தது கணக்கு. மாணாக்கன் கற்றது ஆசிரியரது முகம். உணவு கிடைப்பதற்கு அதுவே போதுமாயிருந்தது.

முகம் பார்க்கவியலாத பொறிகட்கு இவ்விழுக்கு நேராதன்றோ எனச் சிலர் கருதலாம். டொனால்ட் மிச்சி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1961-இல் 304 தீப்பெட்டிகளை அடுக்கி, ஒன்பது கட்டத்துள் வட்டமும் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் ஆட்டத்தை அவற்றிற்குப் பயிற்றினார். ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி; பெட்டியுள் பல நிற மணிகள்; எடுத்த மணியின் நிறம் எந்தக் கட்டத்தைக் காட்டுகின்றதோ அங்கே ஆடவேண்டும். வென்றால் அந்நிற மணிகள் மூன்று கூட்டப்பெறும். தோற்றால் எடுத்த மணி திரும்பி வாராது. ஆடியாடி, தோல்விக்கு ஏதுவாகிய மணிகள் அருகின. ஈண்டு ஐயத்திற்கு இடமில்லை. தீப்பெட்டி கற்றது இத்துணையென்பது பெட்டியைத் திறந்து எண்ணினாற் புலனாகும்.

இக்காலக் கணிப்பொறியின் பெட்டிகளோ எண்ணித் தொலையா. நெஞ்சின் எக்ஸ்-கதிர்ப் படங்களில் நிமோனியா நோயைக் காணுமாறு பயிற்றிய பொறியொன்றைப் பற்றி 1918-இல் அன்று, 2018-இல் ஓர் ஆராய்ச்சி அமெரிக்காவில் வெளிவந்தது. பயின்ற மருத்துவமனைகளின் படங்களில் அது சிறந்து விளங்கிற்று. பிறவிடத்துப் படங்களிற் பெரும்பாலும் தாழ்ந்தது. ஆராய்ந்தபோது, ஒரு படம் எம்மருத்துவமனையில் எடுக்கப்பெற்றது என்பதனைப் பொறியால் ஏறத்தாழப் பிழையின்றிச் சொல்ல முடிந்தது. ஓரிடத்து அந்நோயாளர் மிகுதி, மற்றோரிடத்துக் குறைவு. ஆதலின் இடத்தை அறிவதே விடைக்குத் துணையாயிற்று. பெர்லின் குதிரையின் உறவினன் அதுவென்று சொல்லலாம்.

இனிக் கிளியைக் காண்போம். ஐரீன் பெப்பர்பர்க் என்னும் அம்மையார் 1977-இல் அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியைக் கொண்டு, அது 2007-இல் இறக்குமளவும் பயிற்றினார். அவர் முறை நயமுடையது. கிளி பார்த்திருக்க, ஒருவர் ஆசிரியராகவும் மற்றொருவர் மாணாக்கராகவும் இருந்து பாடம் நடத்துவர். பின்னர் இடம் மாறுவர். சரியாகச் சொன்னால் சொன்ன பொருளே பரிசு. ஹான்ஸின் கதையை அவர் மறந்தாரல்லர். தேர்வின்போது பொருளைக் காட்டுபவர் வேறொருவராக, அம்மையார் கிளிக்கு முதுகு காட்டி அமர்ந்து, காட்டிய பொருளை அறியாமலே விடையைச் செவியால் மட்டும் கேட்பார். இரு பொருள்களிடை வேற்றுமையேனும் ஒற்றுமையேனும் இல்லாவிடத்து ‘ஒன்றுமில்லை’ எனச் சொல்ல அலெக்ஸுக்குக் கற்பித்திருந்தனர். பின் ஒருகால் அளவொத்த இரு பொருளைக் காட்டிப் பெரியது எதுவென வினவ, ஒருவரும் கற்பியாதிருந்தும் அச்சொல்லையே ஆண்டது. சொல்லியதன்றிச் சொல்லாமை பற்றிக் கிளியை இடையில் வைத்த பவணந்தியார், அலெக்ஸைக் கண்டிருப்பின் எங்கு வைத்திருப்பாரோ!

இனி எம் காரணத்தைக் கூறுவாம். எம் விடுதி மாணவர் சிலர் அண்டைத் தெருச் சிறார்க்கு மாலைதோறும் பாடம் சொல்லுகின்றோம். எம்பால் வந்த சிறுவன் ஒருவன் பாடநூற் பக்கங்களை விரல்வைத்துத் தங்குதடையின்றிப் படிப்பான். ஏழெட்டு எத்துணை என்றால், “ஐம்பத்து…” என்று சற்றே நிறுத்தி, எம்மை நோக்கி, “ஆறு” என முடிப்பான். யாம் அவனை அன்னமென்றே கருதி, அவன் தாயிடமும் புகழ்ந்துரைத்தோம். எழுத்தறியாத அவ்வம்மையார் அதனை நம்பி, மருந்து வாங்க வரவேண்டிய நாள் குறித்த மருத்துவச் சீட்டை ஒருநாள் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவன் ஏதோ ஒரு நாளைச் சொன்னான். அவர் ஒருநாட் கூலியை இழந்து, நான்கு கல் நடந்து, மருந்தின்றித் திரும்பினார். எம்மைக் கடிந்து ஒருசொல்லும் கூறிற்றிலர். “பிள்ளை படிக்கிறான் என்றீர்களே, ஐயா” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நூலின் படத்தை உள்ளங்கையால் மறைத்துப் படிக்கச் சொன்னோம். படிக்க இயலவில்லை. அவன் பின்புறம் நின்று வாய்பாடு கேட்டோம். அவன் கழுத்தைத் திருப்பி எம் முகத்தைத் தேடினான். ‘ஆறு’ என்பதற்கு எம் வாய் அவனுக்கு முன்னரே திறந்துவந்த செய்தி அன்றுதான் எமக்கு விளங்கிற்று. அவனிடம் பிழை காண யாம் யார்? சென்ற பருவத் தேர்வில், பொருள் முற்றும் விளங்காத சூத்திரங்கட்கு, வினாத்தாள் அமைப்பார் விரும்பும் உரையை அறிந்து எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர்களுள் யாமும் ஒருவர்.

இப்போது அவனுக்கு அருகில் அமராது பின்னால் அமர்கின்றோம். ‘அ’ முதல் மீண்டும் தொடங்கினோம். நாளொன்றுக்கு நான்கு வரி நகர்ந்தால் மிகுதி. சென்ற வாரம் அவன் தாய் புதிய சீட்டொன்றைக் கொண்டுவந்து அவன் கையிற் கொடுத்தார். “செவ்…” என்றான், நின்றான், “செவ்வா…” என்றான். அம்மையார் எம்மை நோக்கினார். அவன் படித்து முடிக்குமளவும் யாம் சுவரையே நோக்கியிருந்தோம்.