சாயங்காலம் எத்தனை மணிக்கு?



இந்த மாத வேத பாடத்தை ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். சாயங்காலம் என்றால் எத்தனை மணி?

பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், மணி அடித்து வீட்டுக்கு விடுகிற நாலு மணி என்று சொல்லும். தோட்டத்து வேலைக்காரரைக் கேட்டால், "பொழுதோடங்க" என்பார். பொழுது சாய்கிற நேரம் அவருக்குச் சாயங்காலம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிற தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கள். "எங்களுக்கு ஏதுங்கண்ணா சாயங்காலம்? அரை ஷிப்டுதான் இருக்கு" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பொழுதுக்குப் பெயர் வைப்பது கடிகாரம் அல்ல. அந்த நேரத்தில் ஜனங்கள் என்ன செய்கிறார்களோ, அதுவே அதற்குப் பெயராகிறது. இதை நான்கு குறிப்புகளாகத் தியானிப்போம்.

1. நாள் எங்கே தொடங்குகிறது?

எல்லாருக்கும் நாள் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. இஸ்ரவேலருக்கு நாள் சாயங்காலத்தில் தொடங்கிற்று. ஆதியாகமம் 1:5-ல் சாயங்காலம் முந்தி வருகிறது, விடியற்காலம் பிந்தி வருகிறது. லேவியராகமம் 23:32-ல் ஓய்வுநாளும் சாயங்காலம் தொடங்கி மறு சாயங்காலம் வரைக்கும் கணக்கிடப்படுகிறது.

நம்முடைய ஊர் வழக்கில் விடிந்தால்தான் மறுநாள். இராத்திரி ஒரு மணிக்கு விழித்திருக்கிறவரும் "நாளைக்கு வெடியால வாரேன்" என்றுதான் சொல்லுவார். ஆனால் சர்க்கார் கணக்கிலும் ரயில்வே கணக்கிலும் நடுராத்திரி 12 மணிக்கே தேதி மாறிவிடுகிறது.

இதனால் வருகிற நஷ்டம் கொஞ்சமல்ல. "புதன்கிழமை ராத்திரி 12.10 வண்டி" என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை படுக்கப் போகும்போது ஸ்டேஷனுக்குக் கிளம்புவோம். புதன்கிழமை தேதி போட்ட அந்த வண்டியோ, செவ்வாய்க்கிழமை நாம் தூங்கிக்கொண்டிருந்தபோதே போயிருக்கும்!

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். நாள் என்பது நடுராத்திரியில் தொடங்கும் 24 மணி நேரம் என்று அது வரையறுத்தது. ஆனால் நடுராத்திரியைத் தாண்டி ஓடுகிற ஷிப்டுக்கு என்ன செய்வது? அதற்காக 57-ம் பிரிவில், 12 மணிக்குப் பிறகு செய்த வேலையை முந்தின நாளோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்று வைத்தார்கள். பாருங்கள், நம்ம ஊர்ப் பேச்சு வழக்கத்துக்கே சட்டமும் இறங்கி வந்தது!

2. வேதத்தில் மணிகளும் ஜாமங்களும்

வேதத்தில் "மூன்றாம் மணி வேளை" என்று வாசித்தவுடன் கடிகாரத்து மூன்று மணியை நினைத்துவிடாதீர்கள். அந்நாட்களில் சூரிய உதயம் தொடங்கி அஸ்தமனம் வரைக்கும் உள்ள பகலைப் பன்னிரண்டு பங்காக்கினார்கள் (யோவான் 11:9). ஆகையால் ஆறு மணியைக் கூட்டிக்கொண்டால் நம்முடைய கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். மூன்றாம் மணி என்பது காலை 9, ஆறாம் மணி என்பது நடுப்பகல் 12, ஒன்பதாம் மணி என்பது பிற்பகல் 3. அப்போஸ்தலர் 3:1-ல் பேதுருவும் யோவானும் ஜெப வேளைக்குப் போனது இந்தப் பிற்பகல் 3 மணிக்கு. அந்த மணியின் நீளமும் ஒரே அளவு அல்ல. எருசலேமில் கோடைகாலப் பகல் சுமார் 14 மணி நேரம், குளிர்காலப் பகல் சுமார் 10 மணி நேரம். எனவே ஒரு "மணி" என்பது 70 நிமிஷமும் ஆகும், 50 நிமிஷமும் ஆகும்.

இராத்திரியை ஜாமங்களாகப் பிரித்தார்கள். பழைய ஏற்பாட்டு நாட்களில் மூன்று ஜாமம். கிதியோன் பாளயத்தண்டை வந்தது நடு ஜாமத்தின் துவக்கத்தில் (நியாயாதிபதிகள் 7:19). ரோமர் காலத்தில் அது நாலு ஜாமம் ஆயிற்று. மாற்கு 13:35-ல் அந்த நாலும் வரிசையாக வருகின்றன: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை. இவற்றில் முதல் ஜாமமாகிய சாயங்காலம் ஏறக்குறைய 6 மணி முதல் 9 மணி வரை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ஏழரை நாழிகையை, அதாவது 3 மணி நேரத்தை, ஒரு ஜாமம் என்றார்கள். நம்மோடு வேலை செய்கிற பீகார் சகோதரர் மத்தியானத்தை "தோபஹர்" என்கிறாரே, அதுவும் இதே கணக்குத்தான். பஹர் என்றால் ஜாமம், தோ என்றால் இரண்டு. விடிந்து இரண்டு ஜாமம் கழிந்த நேரம்!

3. நம் முன்னோர் வகுத்த ஆறு பொழுது

தமிழ் இலக்கண நூலோர் ஒரு நாளை 60 நாழிகையாகக் கொண்டார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். பத்துப் பத்து நாழிகையாக அதை ஆறு சிறுபொழுதாக வகுத்தார்கள். காலை 6 முதல் 10 வரை. நண்பகல் 10 முதல் 2 வரை. எற்பாடு 2 முதல் 6 வரை. மாலை 6 முதல் 10 வரை. யாமம் 10 முதல் 2 வரை. வைகறை 2 முதல் 6 வரை.

கவனித்தீர்களா? இன்று நாம் நாலு மணி டீக்கே "மாலை" என்கிறோம். அவர்களுக்கோ அது எற்பாடு. விளக்கு வைத்த பிறகுதான் மாலை. முல்லை நிலத்துக்கு உரிய பொழுதாக அந்த மாலையை வைத்தார்கள். வெளியே போன கணவன் வீடு திரும்புவான் என்று மனைவி காத்திருக்கிற நேரம் அது. மாலைக்கு அவர்கள் கொடுத்த பொருள் "வீடு திரும்பும் நேரம்" என்பதே.

4. ஷிப்டு வைத்த பெயர்

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். காலை 8.30-க்கு ஏறி 5.30-க்கு இறங்கினால் ஒரு ஷிப்டு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கும். ஷிப்மெண்ட் அவசரம் என்றால் இராத்திரி 8.30, 9 மணி வரை இழுக்கும். அது ஒன்றரை ஷிப்டு. ரெண்டு ஷிப்டு என்றால் நடுச்சாமம் தாண்டும். "இந்த வாரம் எத்தனை ஷிப்டு?" என்று கேட்டுத்தான் சனிக்கிழமை சம்பளம் போடுகிறார்கள்.

அந்த அரை ஷிப்டு எங்கே விழுகிறது? வேதத்தின் முதல் ஜாமத்தில் விழுகிறது. நம் முன்னோரின் மாலைப் பொழுதில் விழுகிறது. வீடு திரும்பும் நேரம் என்று பெயர் பெற்ற அந்தப் பொழுதே "அரை ஷிப்டு" என்று பெயர் மாறிப்போயிற்று. தகப்பன் வருகிறபோது பிள்ளை தூங்கிவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்புகிறபோது தகப்பன் அசதியில் படுத்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்க்கிறார்கள்.

மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரர் பதினோராம் மணி வேளையிலும் ஆள் எடுத்தார். அது சாயங்காலம் 5 மணி! ஆனாலும் சாயங்காலமானவுடனே எல்லாரையும் அழைத்துக் கூலி கொடுத்தார். உபாகமம் 24:15-ம் பொழுது போகுமுன் கூலி கொடுக்கச் சொல்லுகிறது. மனுஷனுடைய வேலைக்குச் சாயங்காலத்தை எல்லையாகச் சொல்லுகிறது சங்கீதம் 104:23.

பிரியமானவர்களே, அரை ஷிப்டுக் கூலி இல்லாமல் வாடகையும் வட்டியும் கட்ட முடியாத குடும்பங்கள் நம் நடுவில் அநேகம். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மால் ஆனதைச் செய்வோம் என்றே எழுதுகிறோம்.

* கம்பெனி நடத்துகிறவர்களும் சூப்பர்வைசர்களும், இன்றைக்கு அரை ஷிப்டு உண்டா இல்லையா என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். 5.25-க்குச் சொன்னால், வீட்டில் அடுப்பு வைத்துக் காத்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

* வேலை செய்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாளையாவது "இது வீட்டுச் சாயங்காலம்" என்று கிழமை குறித்து வையுங்கள். பெயர் வைக்காத பொழுதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்.

* நடுராத்திரி வண்டிக்கும் பயணத்துக்கும் இரண்டு கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "புதன் போய் வியாழன் பிறக்கிற ராத்திரி 12.10." வடநாட்டுச் சகோதரரிடம் தேதியையே சொல்லுங்கள். இந்தியில் "கல்" என்றால் நேற்றும் ஆகும், நாளையும் ஆகும்.

அப்படியானால் சாயங்காலம் எத்தனை மணிக்கு? வீட்டார் எல்லாரும் ஒரு விளக்கின் கீழே உட்காருகிற மணிக்கு. உங்கள் வீட்டில் அது எத்தனை மணி? இந்த வாரமே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.